முதல் கையெழுத்து

எதிர் மேஜைக்காரனை மூன்று வாரமாகக் கண்காணித்துக்கொண்டிருந்தேன்.

அவனுக்கு அந்த மொழி தெரியும். தெரியாத மாதிரி நடிக்கிறான்.

இந்த மாதக் கடைசியில் எங்கள் பிரிவுத் தலைவர் ஓய்வு பெறுகிறார். எனக்குப் பதினான்கு வருட சர்வீஸ். அந்த நாற்காலி எனக்குத்தான் என்று பியூன் வரைக்கும் தெரியும். அந்த நேரம் பார்த்து மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. இனி ஆபீஸ் மொழியோடு அந்த மொழியும் தெரிந்தவர்தான் பிரிவுத் தலைவர் ஆக முடியுமாம்.

ஆபீஸ் கொதித்துப்போனது. அந்த மொழிக்காரர்களைப் பற்றி அன்று என்னென்ன பேசினோம் என்பதை இங்கே எழுத முடியாது. நானும் சேர்ந்துதான் பேசினேன். அதோடு நிற்காமல், விதியை எதிர்த்து மனு எழுதி முதல் கையெழுத்தையும் போட்டேன்.

பின்னாலேயே முப்பத்தொரு பேர் போட்டார்கள். அவன் மட்டும், "படிச்சுப் பாத்துட்டுப் போடறேன்" என்று ஒரு பிரதியை வாங்கி வைத்துக்கொண்டான். ஒன்றரைப் பக்கத்தைப் படிக்க மூன்று வாரமா?

அவன் சர்வீஸ் பைலைக்கூட எடுத்துப் பார்த்தேன். 'தெரிந்த மொழிகள்' என்ற கட்டத்தில் ஒன்றே ஒன்றைத்தான் எழுதியிருந்தான், எங்கள் எல்லோரையும் போல. கில்லாடி. கடைசி நாளில் துருப்புச்சீட்டை இறக்கிவிட்டு என் தலைக்கு மேலே ஏறி உட்காரப் பார்க்கிறான்.

போன் வந்தால் எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுகிறான். ஒளிக்க ஒன்றுமில்லாதவன் எதற்கு வெளியே போக வேண்டும்? அம்மா கூப்பிட்டால் நானும் மாடிப்படிக்குப் போய்த்தான் பேசுவேன். அது வேறு. அது வீட்டு விஷயம்.

இன்று காலை வசமாக மாட்டினான்.

பிறப்புச் சான்றிதழ் வாங்க ஓர் அம்மாளும் மகளும் வந்திருந்தார்கள். அந்த மொழிக்காரர்கள். விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டிருந்ததால் திருப்பிக் கொடுத்தேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்தபடியே மகளிடம் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னாள். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் அவர்களைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்தேன்.

அவன் உதட்டோரம் துடித்தது. சரியான இடத்தில். ஒரு நொடி முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை. உடனே குனிந்து, ஏற்கெனவே முத்திரை வைத்த தாளிலேயே மறுபடியும் ஒரு முத்திரை வைத்தான்.

எனக்கு முகம் சுட்டது. கோபம்தான். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு திருப்தி. சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்துவிட வேண்டும்.

அவர்கள் போனதும் மனுவை எடுத்துக்கொண்டு நேராக அவன் மேஜைக்குப் போனேன். அவன் முன்னால் விரித்து வைத்து, பேனாவை நீட்டினேன். போடு, இல்லையென்றால் ஏன் போடமாட்டாய் என்று சொல்.

அவன் பேனாவை வாங்கவில்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, பக்கத்து மேஜைக்குக் கேட்காத குரலில் சொன்னான்.

"அக்கா, கன்னத்துல மை ஒட்டியிருக்கு."

சட்டென்று புறங்கையால் துடைத்தேன். இடது கன்னம், வலது கன்னம். கையைத் திருப்பிப் பார்த்தேன். மை இல்லை.

அவன் சிரிக்கவில்லை. மனுவைத் தன் பக்கம் இழுத்து, முதல் கையெழுத்தின் மேல் விரலை வைத்தான்.

அவன் அதை எந்த மொழியில் சொன்னான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மாடிப்படியில் நின்று நான் அம்மாவிடம் பேசுகிற மொழியில்.