பன்னிரண்டாவது வேஷம்

ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து, கடுக்கும் கால்களோடு டோரதி மண்டி மொஹல்லா சர்ச் ஹாலுக்கு வந்தாள். சனிக்கிழமைதோறும் அங்கே பிள்ளைகளுக்கு நாடகம் எழுதக் கற்றுத்தருகிறாள். வகுப்பில் உள்ள எல்லோருக்கும் வேஷம் இருக்க வேண்டும். அது ஒன்றுதான் விதி.

பிள்ளைகள் பதினொரு பேர். ஆளுக்கொன்றாக அவர்கள் எழுதிய பதினொரு நாடகத்திலும் வேஷங்கள் பன்னிரண்டு. கடைசிப் பெயர் எல்லாவற்றிலும் ஹரிதா.

அந்தப் பெயரில் யாரும் வகுப்பில் இல்லை. விசாரிக்கத் தெம்பில்லாமல், ஹரிதாவின் வசனங்கள் மேல் சிவப்புக் கோடு போட்டாள்.

ஒத்திகையில் அந்த இடம் வரும்போதெல்லாம் பிள்ளைகள் காலி நாற்காலிப் பக்கம் சாய்ந்து, கொஞ்சம் பொறுத்து, பிறகு பதில் சொன்னார்கள்.

“யாருக்குப்பா பதில் சொல்றீங்க?”

“ஹரிதாவுக்கு மிஸ்,” என்றான் லாய்ட். “நீங்க கோடு போட்டுட்டீங்கல்ல, அதான் மெதுவா பேசறா.”