பேப்பர் கப்பு

"ஏட்டி ப்ரியா, இது என்னது தவளை முட்டை மாதிரி?"

கிருஷ்ணப்ரியா சிரிச்சுட்டா.

"சியா விதைக்கா. பால்ல ஊறுது. கொஞ்சம் பொறுங்க, சாக்லேட் புட்டிங்கா மாறிரும்."

வரிசையா வீடுக இருக்கிற எங்க வளவுல எனக்கு அடுத்த வீடு அவ வீடு. கல்யாணம் முடிச்சு கோவில்பட்டிக்கு வந்து ரெண்டு வருசம் ஆகுது. வீட்டுல இருந்தே லேப்டாப்புல வேலை. அவ வார வரைக்கும் இந்த வளவுல எனக்குப் பேச்சுத்துணைன்னு ஒரு ஆள் கிடையாது. இப்பல்லாம் சனிக்கிழமை மத்தியானம்னா அவ அடுக்களைத் தரையில காலை நீட்டி உக்காந்துருவேன். சொர்க்கம்னா எனக்கு அதுதான். எங்க வீட்டுல அவிய கேட்டா கோவிச்சுக்கிடுவாவ.

"ஓ, இதுதானா அது? நீ சொன்னியேன்னு போன வாரம் நானும் செஞ்சு பாத்தேன்ட்டி. சர்பத்தும் இல்லாம புட்டிங்கும் இல்லாம ஒரு மாதிரி வந்துச்சு."

"என்ன விதை போட்டீங்க?"

"மளிகைக்கடை அண்ணாச்சிகிட்ட சியான்னுதான் கேட்டேன்."

"அவரு சப்ஜாவைக் கட்டிக் குடுத்திருப்பாரு!"

ரெண்டு பேரும் சிரிச்சோம். சிரிச்சுக்கிட்டே சொல்லிக் குடுத்தா. காய்ச்சி ஆறுன பாலு ரெண்டு தம்ளர், விதை ஆறு ஸ்பூன், கோகோ பவுடர் மூணு ஸ்பூன். சீனி கிடையாது, கருப்பட்டிப் பாகு கொஞ்சம்போல. பத்து நிமிசம் கழிச்சு இன்னொரு தடவை கிண்டணும், இல்லேன்னா அடியில கட்டி தட்டிரும். அப்புறம் நாலு மணி நேரம் ஃப்ரிட்ஜுல.

நாலு மணி நேரமா? நான் அங்கனயே முந்தானையை விரிச்சுப் படுத்துட்டேன்.

ஜன்னலுக்கு வெளிய கரிசக்காடு வெயில்ல அலை அலையா ஆடுது. ஃப்ரிட்ஜு 'ம்ம்ம்'னு முனகுது. ஒவ்வொரு விதையும் ஒரு துண்டு மேகத்தை உடுத்திக்கிட்டு பாலுக்குள்ள மிதக்கிற மாதிரி கனவு வந்துச்சு. கூடவே நானும் மிதக்குதேன். எனக்கு சுகரும் இல்ல, கால்வலியும் இல்ல. பக்கத்துல ப்ரியா பேசிக்கிட்டே வாரா. என்ன பேசுதான்னு விளங்கல, ஆனா கேக்க அவ்வளவு சொகமா இருந்துச்சு.

கண்ணு முழிச்சப்ப மணி அஞ்சு தாண்டிருச்சு. ப்ரியா புட்டிங்கைப் பங்கு வச்சுக்கிட்டு இருந்தா. மூணு சில்வர் கிண்ணம். எனக்கு ஒண்ணு, அவளுக்கு ஒண்ணு, அவ வீட்டுக்காரருக்கு ஒண்ணு. பக்கத்துல ஒரு பேப்பர் கப்பு.

"இது யாருக்குட்டி?"

"ஆறுமுகத்தாய்க்கு."

வளவுல கடைசி வீடு ஆறுமுகத்தாய்க்கு. சொந்த ஊரு புதூர்ப் பக்கம். தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாக்கா. இப்ப ஏழு மாசம். ரத்தம் கம்மியா இருக்கு, சத்தா சாப்பிடுன்னு ஆஸ்பத்திரியில சொல்லி விட்டுருக்காவ.

"அதுக்கு ஏன் பேப்பர் கப்பு? அலமாரியில கிண்ணம் அடுக்கிக் கெடக்கே?"

"அவளுக்கு இதுவே போதும்க்கா."

சுருக்குன்னுச்சு எனக்கு. தூக்கக் கலக்கமெல்லாம் எங்க போச்சுன்னு தெரியல. எனக்குச் சில்வர் கிண்ணம், அவளுக்குப் பேப்பர் கப்பா? டீக்கடையில தனி கிளாஸ் வச்ச காலம் மலையேறிப் போச்சுன்னுல்லா நெனச்சிருந்தேன்! படிச்ச பிள்ளை அடுக்களைக்குள்ளயே கொண்டாந்து வச்சிருக்காளே!

அந்நேரம் பாத்து ஆறுமுகத்தாயே வாசல்ல வந்து நின்னா. வேலை விட்டு வந்த களைப்பு மூஞ்சியில தெரியுது. ப்ரியா கப்பை எடுத்து நீட்டுனா.

"கிண்ணத்துலயே தாங்கக்கா. வெளக்கிக் கொண்டாந்து தாரேன்."

"கிண்ணமெல்லாம் வேண்டாம். தின்னுட்டு கப்பைத் தூரப் போட்டுரு. இங்கன ஒண்ணும் கொண்டாராத, என்ன?"

ஆறுமுகத்தாய் முகம் சுண்டிப்போச்சு. கப்பை வாங்கிக்கிட்டு, இடுப்புல கையை ஊணிக்கிட்டு மெல்ல நடந்து போனா.

எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. பாதி அவளுக்காக, பாதி எனக்காக. இப்படிப்பட்டவ கூடவா ரெண்டு வருசமா ஒட்டிக்கிட்டுத் திரிஞ்சேன்? இவளும் இல்லேன்னா இந்த வளவுல எனக்கு யாரு இருக்கா? இருந்தாலும் மனசு ஒப்பல. என் கிண்ணத்தை ஒரு வாய் கூட வைக்காம தள்ளி வச்சேன்.

"எனக்கு வேண்டாம்ட்டி. இனிமே உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்."

"அய்யோ, என்னக்கா ஆச்சு? நான் என்ன செஞ்சேன்?"

"மாசமா இருக்கிற பிள்ளைட்டி அவ! அவ வாய் வச்சா ஒன் கிண்ணம் ஓட்டையாவா போயிரும்? அவ தொட்ட ஏனம் ஒனக்கு ஆகாதோ?"

ப்ரியா முகம் வெளுத்துருச்சு. சட்டுனு வாசல் பக்கம் எட்டிப் பாத்தா. ஆறுமுகத்தாய் காதுல விழுந்துருமோன்னு அவளுக்குப் பயம். கதவைச் சாத்திட்டு எம் பக்கத்துல வந்து உக்காந்தா.

"போன ரெண்டு வாரமும் நீங்க வீட்டுக்குப் போன பெறகு கிண்ணத்துலதான்க்கா குடுத்தேன். வெறும் ஏனமா திருப்பிக் குடுக்கக்கூடாதுன்னு, வயித்துப் பிள்ளைக்காக அங்கன்வாடியில அவளுக்குத் தந்த சத்துமாவை உருண்டை புடிச்சு, ரெண்டு தடவையும் கிண்ணம் நெறைய எனக்குக் கொண்டாந்து குடுத்துட்டாக்கா."