அப்பா வழிக் கண்

"ரத்தம் குடுக்க மாட்டேன்னா மாட்டேன்!"

தாமசோக் கிழவன் போட்ட சத்தத்தில் எதிர்மலை லாமா மந்தை மேய்ச்சலை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது.

"ஒரு சொட்டுதானே கேக்கறாங்க? என்னமோ குடம் நிறையக் கேட்ட மாதிரி!" என்றாள் செனோபியா. வழக்கம்போல் அவள் முழங்கைக்குள் அவன் கை.

எங்கள் ஊரில் ஆண்களுக்குப் பாதி வயதில் கண் மங்கும். பிறகு இருண்டே போகும். அந்த வெளிச்சத்தையெல்லாம் கடவுள் எடுத்துப் பீச் பழங்களில் பூசிவிட்டார் என்போம். கண் போனவனை எந்தப் பெண்ணும் கைபிடித்து அழைத்துப் போகலாம்; ஊர் வாய் திறக்காது. கண் உள்ளவன் பிடித்தாலோ, பாதிரியார் மணியடித்தே ஊரைக் கூட்டிவிடுவார்.

"லீமா பட்டணத்துலேருந்து வந்த டாக்டரம்மா ரத்தத்தைப் பாத்து என் கண்ணைச் சரிபண்ணிட்டா, அப்புறம் உன் கையை என்ன சாக்குச் சொல்லிப் பிடிக்கிறது?"

"வயசுக்கு ஏத்த பேச்சுப் பேசு, கிழவா."

"வயசுல பேச விட்டானா உங்கப்பன்? திருவிழாவுல ஆடினோமே, ஞாபகம் இருக்கா? நாம கிளப்புன புழுதி அடங்கவே ஒரு வாரம் ஆச்சு! மறுநாள் பொண்ணு கேட்டா, 'குருடன் மகனுக்குப் பொண்ணு கிடையாது, அப்பனுக்குப் போன கண்ணு இவனுக்கும் போகும்'னுட்டான்."

"போச்சே! என் புருஷன் செத்த வருஷமே உன் கண்ணு போச்சே! அன்னையிலேருந்து நான்தானே உன்னை இழுத்துக்கிட்டு அலையறேன்."

"அன்னைக்கு நீ கட்டியிருந்த மஞ்சப் பாவாடை..."

"அதெல்லாமா இன்னும் மனசுல வச்சிருக்க?"

"மறக்கணும்னா தலையைக் கழட்டித்தான் வைக்கணும்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

பள்ளிக்கூட முற்றத்தில் டாக்டரம்மா கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "இந்த நோயைக் கொண்டுவர்ற மரபணு, அம்மா வழியாத்தான் பையனுக்கு வரும். அம்மாவுக்குக் கண்ணு நல்லாவே தெரியும். ஆனா பையனுக்குக் குடுத்துடுவாங்க. அப்பாகிட்டேருந்து பையனுக்கு இது வரவே வராது."

செனோபியா நின்றுவிட்டாள்.

"தாமசோ, உங்கம்மா கடலோரத்துலேருந்து வாக்கப்பட்டு வந்தவங்கதானே?"

"ஆமா..."

"அவங்க அண்ணன் தம்பியெல்லாம் கிழவனானப்புறமும் படகு ஓட்டுனாங்கன்னு சொல்லுவியே? அவங்க வழியில கண்ணு போனவங்க யாரு?"

தாமசோவுக்கு வியர்த்த வியர்வையில் ஒரு தோட்டத்துக்கே பாசனம் பண்ணியிருக்கலாம். கையை மெல்ல உருவப் பார்த்தான். அவள் விடவில்லை, இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"உருவாதே," என்று அவன் காதோரம் கிசுகிசுத்தாள். "என் ரெண்டு கண்ணுலயும் புரை விழுந்து ரெண்டு வருஷமாச்சு. இந்த மலைப்பாதையில ஒரு நாளாவது நாம உருண்டு விழுந்தோமா? பேசாம, பாத்துக் கூட்டிட்டுப் போ."