கிழியாத டேப்

கைதட்டுவதைப் போல வீணான உடற்பயிற்சி உலகத்தில் வேறு கிடையாது. அதில் எந்தத் தசையும் வலுப்பெறாது என்பதை, விளையாட்டு வீரர்களின் காயத்துக்குச் சிகிச்சை தருபவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன். அதனால்தான் எங்கள் சீனியர் அக்காவுக்குச் சேவை விருது கொடுத்து அரங்கமே தட்டும்போதும் நான் கையைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். "தட்டினா கை தேஞ்சிடுமாடா?" என்கிறான் பக்கத்தில் இருக்கும் நண்பன். விழாத் தலைவர் மைக்கைப் பிடிக்கிறார். "கத்தரிக்கோலே தொடாம கையாலயே டேப்பைக் கிழிச்சுக் கட்டுவீங்களே, அதை ஒரு தடவை காட்டுங்கம்மா." ஓட்டக்காரப் பெண் ஒருத்தி கணுக்காலை நீட்டுகிறாள். மேடை விளக்கில், சுளுக்குக்குக் கட்டும் வெள்ளை டேப் சரசரவென்று சுற்றிக்கொண்டு போய், கிழிக்க வேண்டிய இடத்தில் நிற்கிறது. அக்காவின் கட்டைவிரலில் பிடி போய் நாளாகிறது. சிகிச்சை அறையில் டேப்பைக் கிழித்துக் கொடுப்பது நான்தான் என்பது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். அக்கா இழுக்கிறார். டேப் சுருள்கிறதே தவிர கிழியவில்லை. மறுபடி இழுக்கிறார். "இதுவே போதும்க்கா" என்று முணுமுணுக்கிறாள் ஓட்டக்காரி. தட்டல் ஓய்ந்த அரங்கில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கிறது. நான் மேடையேறிக் கிழித்துக் கொடுத்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். உட்கார்ந்தே இருந்தாலும் இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும். அக்கா தலையைத் தூக்கி என்னைப் பார்க்கிறார். நான் கட்டிய கைகளைப் பிரித்து, அக்கா காட்டி முடித்துவிட்டார் என்பதுபோல, மெல்லத் தட்ட ஆரம்பிக்கிறேன்.