சத்தம் போடாத ஜீப்

பகல் சாப்பாடு முடிந்ததும் பரமசிவம் ஜீப் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குவான். யாராவது ஜீப்பில் ஏறினால் போதும், தேய்ந்துபோன ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் போடுகிற கூச்சல் தேயிலை மலைக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும். திருடனுக்கு வேலையே இல்லை.

"மானம் போகுதுண்ணே, மாத்துங்களேன்" என்று நச்சரித்தது தங்கை லோஜினிதான்.

மெக்கானிக் நண்பன் ஜெயராஜ் மூன்று நாள் ஜீப்புக்கு அடியிலேயே கிடந்து எல்லாவற்றையும் புதிதாக மாற்றினான். கூலி வேண்டாம் என்றான். லோஜினி கொடுத்த தேத்தண்ணியை மட்டும் மறுக்கவில்லை.

"இனி ஏறிக் குதிச்சாலும் சத்தம் வராது மச்சான்!"

வரவில்லை. ஞாயிறு மத்தியானம் பரமசிவம் விழித்தபோது வாசலில் ஜீப் இல்லை. ஆணியில் சாவியும் இல்லை. போன் அடித்தது. ஜெயராஜ்.

"ஜீப்பை நான்தான் எடுத்தேன் மச்சான்."

"அடப்பாவி! கூடப் பொறந்தவனா நெனச்சேனேடா!"

"ஏசாத. ஜீப்பு நாவலப்பிட்டி ஸ்டேஷன்ல நிக்குது, சாவி டயர் மேல இருக்கு. அதைத் திருடுற அளவுக்கு நான் கெட்டவன் இல்ல. ரயிலு வந்திருச்சு, வச்சிர்றோம்."

பரமசிவத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"லோஜினி! ஜீப்பு கெடைச்சிருச்சு, ஒரு தேத்தண்ணி போடு!" என்று குசினிப் பக்கம் பார்த்துக் கூவினான்.

அங்கிருந்தும் சத்தம் வரவில்லை.