முடி கொட்டாத நாய்

"ஸ்னேகா ஸ்கூல்லேர்ந்து வர்றதுக்குள்ள முரியைக் கொண்டுபோய் விட்டுடலாம்" என்றான் ஜெய்ராம்.

மாதவி அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். ஸ்னேகாவின் அலர்ஜி டெஸ்ட் முடிவு வரட்டும், அவசரப்படாதே என்று இத்தனை நாளும் நாய்க்குப் பரிந்து பேசியவன் அவன்தான்.

"டாக்டர் போன் பண்ணினாரா?"

"இப்பத்தான் பண்ணினார். நாயாலதானாம்."

அவன் முரியின் கழுத்துப் பட்டையைத் தேடப் போனான்.

யோசிக்காமல் வாங்கிய நாய் இல்லை அது. ஸ்னேகா மூன்று வருடமாக நாய் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். குளிர்காலத்தில் அவளுக்கு மூச்சிழுப்பு வரும் என்பதால் மாதவி மூன்று வருடமாக மறுத்துக்கொண்டிருந்தாள். அதே ஊரில், பெஹாலாவில் மளிகைக் கடை வைத்திருக்கும் இராஜமாணிக்கம் வீட்டில் பூடில், காக்கர் என்ற இரண்டு இன நாய்கள் கலந்த குட்டிகள் பிறந்திருக்கின்றன, சுருட்டை முடி, வீடெல்லாம் கொட்டாது என்று கேள்விப்பட்ட பிறகுதான் அவள் மனசு கொஞ்சம் இளகியது.

அப்போதும் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. கால்நடை மருத்துவரைப் போய்க் கேட்டாள். முடி குறைவாகத்தான் கொட்டும், ஆனால் இழுப்புள்ள குழந்தைக்குக் கண்டிப்பாக ஒத்துக்கொள்ளும் என்று எந்த நாயைப் பற்றியும் சொல்ல முடியாது, சில மணி நேரம் சேர்ந்து இருக்க விட்டுப் பாருங்கள் என்றார் அவர். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஸ்னேகாவைப் பெஹாலாவுக்கு அழைத்துப் போனாள். குழந்தை குட்டியை மடியில் போட்டுக்கொண்டு மத்தியானம் முழுக்க விளையாடியது. ஒரு தும்மல்கூட வரவில்லை.

தினமும் சீப்பு போட்டு வாரிவிடுவது யார், மாதம் ஒருமுறை முடி வெட்டக் கூட்டிப்போவது யார் என்றெல்லாம் வீட்டில் உட்கார்ந்து பேசினார்கள். மாதவி வங்கிக்கும், ஜெய்ராம் கார்டன் ரீச் ரயில்வே ஆபீசுக்கும் போனபின் பகலில் அதைப் பார்த்துக்கொள்ளக் கீழ்வீட்டு வங்காளி அம்மாள் காக்கிமா ஒப்புக்கொண்டாள். பூஜை விடுமுறை முடிந்த கையோடு குட்டி வந்து சேர்ந்தது. பொரி மாதிரி வெள்ளையாக இருந்ததால் பொரிக்கு வங்காளிகள் சொல்லும் 'முரி' என்ற பெயரையே ஸ்னேகா அதற்கு வைத்துவிட்டாள்.

நவம்பர் கடைசியில் குளிர் இறங்கி, ஜன்னல்களைச் சாத்த ஆரம்பித்ததும் இழுப்பு வந்தது. முந்தைய வருடங்களைவிடக் கடுமையாக வந்தது. ஒரே வாரத்தில் இரண்டு தடவை மருத்துவமனைக்கு ஓடினார்கள். நாயை அனுப்பிவிடலாமா என்று முதலில் வாய்விட்டுக் கேட்டவள் மாதவிதான். அதற்காக ஸ்னேகா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

டாக்டர் போன் பண்ணிய அன்று இரண்டாவது சனிக்கிழமை, மாதவிக்கு லீவு. முரியைத் தூக்கிக்கொண்டு இருவரும் டாக்ஸி பிடித்துப் பெஹாலாவுக்குப் போனார்கள். முரி அவள் மடியில் ஏறி நின்று வழி நெடுக வெளியே வேடிக்கை பார்த்தது. இராஜமாணிக்கம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. குழந்தைதானே முக்கியம், சிலிகுரியில் என் மச்சினன் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான், அங்கே அனுப்பிவிடுகிறேன் என்றார். அவர்கள் கிளம்பும்போது முரியும் தன்னை அழைத்துப் போவார்கள் என்று நம்பி டாக்ஸி வரைக்கும் ஓடி வந்தது. இராஜமாணிக்கம்தான் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது மாதவி அழுதாள்.

"எல்லாம் விசாரிச்சுட்டோம்னு நினைச்சேன். குழந்தைக்கு ஆசையக் காட்டி நானே பறிச்சுட்டேன்."

"உன் மேல ஒரு தப்பும் இல்ல, மாதவி" என்றான் ஜெய்ராம். அவள் முகத்தைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னான்.

சாயங்காலம் ஸ்னேகா வந்து ஒவ்வொரு அறையாகத் தேடினாள். அவள் கத்துவாள், புத்தகத்தைத் தூக்கி எறிவாள் என்று மாதவி பயந்துகொண்டிருந்தாள். அப்படி எதுவும் நடக்கவில்லை. முரியின் தட்டை எடுத்துக் கழுவித் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கு இழுப்பு வராம இருந்திருந்தா அது இங்கயே இருந்திருக்கும், இல்லம்மா?"

ஜெய்ராம் சட்டென்று எழுந்து பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அவனும் தனியாக அழுதுவிட்டு வரட்டும் என்று மாதவி பின்னால் போகவில்லை.

ஜனவரி வந்தது. இழுப்பு குறைந்தபாடில்லை. சிலிகுரியில் முரி அந்த வீட்டுக் குழந்தைகளோடு நன்றாகப் பழகிவிட்டதாக இராஜமாணிக்கம் சொன்னார். இனிமேல் அதைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. ஜெய்ராமுக்கு ஆபீசில் மீட்டிங் என்பதால் மாதவி மட்டும் ஸ்னேகாவை டாக்டரிடம் அழைத்துப் போனாள். நர்ஸ் குழந்தையைப் பக்கத்து அறைக்கு ஆவி பிடிக்கக் கூட்டிப்போன பிறகு, அடக்கி வைத்திருந்ததையெல்லாம் டாக்டரிடம் கொட்டினாள். நீங்கள் சொன்னபடி நாயையும் அனுப்பிவிட்டோம், மகள் சிரித்தே ஒரு மாதமாகிறது, அப்படியும் ஏன் குணமாகவில்லை என்று வங்காளியில் கேட்டாள்.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார்.

"நாயை அனுப்பச் சொன்னேனா? டெஸ்ட்ல நாய் அலர்ஜி எதுவுமே வரலையே. வீட்டுல யாராவது சிகரெட் பிடிக்கிறாங்களான்னு உங்க கணவர்கிட்ட போன்ல கேட்டேன். 'நான்தான் பிடிக்கிறேன், விட்டுட்டதா குழந்தை தலையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கேன், என் மனைவிகிட்ட நானே சொல்லிக்கிறேன்'னு சொன்னாரே, இன்னுமா சொல்லல?"