டிட் முன்னால் வரும்

"சுவாஹிலியில குரலைத் தூக்கினாலே கேள்வி ஆயிடும்மா. இங்கிலீஷ்ல அது போதாது. சொல்லு இடம் மாறணும்" என்றார் முருலா வாத்தியார்.

நகிவாலே அகதி முகாமின் தகரக் கூரைத் தேவாலயத்தில், கொங்கோவிலிருந்து ஓடிவந்தவர்களுக்கு அவர் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

'ஹி வென்ட்' என்றால் அவன் போனான். போனானா என்று கேட்க 'டிட்' முன்னால் வரவேண்டும். வந்துவிட்டால் 'வென்ட்' மறுபடி 'கோ' ஆகிவிடும்.

நபிந்து அதை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

அவள் மகன் முகிஷோவை ஆயுதக்காரர்கள் இழுத்துப்போனது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். காணாமற்போனவர்களைத் தேடும் அலுவலகத்து அம்மையார் வெள்ளிக்கிழமை மறுபடி வருகிறார் என்பதும் தெரியும்.

"மொழிபெயர்க்கத்தான் ஆள் இருக்கானே. நாக்கு சுளுக்கிக்கப் போகுது அக்கா" என்று சீண்டினான் முடிவெட்டும் பிசிம்வா.

"உன் கத்திரிக்கு என் நாக்கு தேவலடா."

வகுப்பு சிரித்தது.

வாத்தியார் அவளுக்கென்று ஒரு கேள்வியைச் சொல்லித்தந்தார். 'இஸ் மை சன் அலைவ்?' என் மகன் உயிரோடு இருக்கிறானா?

அவள் தலையாட்டினாள். ஒருமுறைகூட அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை, மொழிபெயர்ப்பாளனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, வாத்தியாரை மட்டும் அழைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அம்மையார் நாற்காலியைக் காட்டினார். நபிந்து உட்காரவில்லை.

"வேர் டிட் தே பரி ஹிம்?"

அவனை எங்கே புதைத்தார்கள்?

ஒரு பிழை இல்லை. புதைப்பதற்கான சொல்லை வாத்தியார் அவளுக்குக் கற்றுத்தந்ததே இல்லை.

அம்மையார் மேசையிலிருந்த கோப்பைத் திறந்தார். பிறகு தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கினார். நீளமாகப் பேசினார்.

நபிந்துவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வாத்தியாருக்கு எல்லாம் புரிந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் அவருடைய சட்டைக் கையைப் பிடித்தாள்.

"போன தடவை அந்த மொழிபெயர்க்கிற பையன் எம்மேல இரக்கப்பட்டு, நான் கேட்டதையே மாத்திக் கேட்டான். 'தேடிட்டிருக்காங்க'ன்னு சொல்லி அனுப்பிட்டான். நீங்களாவது உள்ளதைச் சொல்லுங்க, வாத்தியாரே."

முருலா அவள் பக்கம் திரும்பினார்.

"ஆத்தங்கரையிலம்மா" என்றார். "அவன் மட்டும் இல்ல."